கழிவுநீர் சுத்திகரிப்பு மாதிரிக்கு எந்த மென்பொருள்? முதல் தேர்வுக்கு ஒரு வழி

சுத்திகரிப்பு நிலையம் எப்படி இயங்கும் என்று கணினியில் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள்களை விற்பனையாளர்களின் கையேடுகளை வைத்து ஒப்பிட்டால் எல்லா மென்பொருளும் எல்லாவற்றையும் செய்யும் என்றுதான் தோன்றும். ஆகவே கையேடுகளைக் கடைசியில் பிரியுங்கள்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். "இரவில் புளோயரை (தொட்டிக்குள் காற்று ஊதும் கருவி) குறைத்தால் காலையில் அமோனியா வரம்பு மீறுமா?" இது நேரத்தோடு விடை மாறும் கேள்வி, சிமுலேட்டர் (நிலையத்தின் இயக்கத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) தேவை. தொட்டியின் கொள்ளளவு மட்டும் தெரிந்தால் போதும் என்றால் எக்செல்லே போதும்.

படி 2: கேள்விக்குரிய கணித மாதிரியைக் கண்டறியுங்கள். 1987இல் வந்த ஏஎஸ்எம்1 என்ற மாதிரி, காற்றூட்டிய தொட்டியில் நுண்ணுயிர்கள் நீக்கும் கரிமப் பொருளையும் நைட்ரஜனையும் கணக்கிடும். பாஸ்பரஸ் அதில் கிடையாது. நுண்ணுயிர் வழியாகப் பாஸ்பரஸை நீக்குவதாக இருந்தால் அதே வரிசையின் ஏஎஸ்எம்2டி. சுத்திகரிப்பில் சேரும் சேற்றைக் காற்றில்லாமல் செரிக்கவைத்து மீத்தேன் எடுப்பதற்கு ஏடிஎம்1 என்ற மாதிரி.

படி 3: கையிலுள்ள தரவைப் பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ஆய்வக அறிக்கையில் பிஓடி (கழிவை நுண்ணுயிர் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்) இருக்கும். மாதிரிக்கு வேண்டியது சிஓடி (கழிவை ரசாயனத்தால் ஆக்சிகரிக்கத் தேவையான ஆக்சிஜன்), அதுவும் பிரித்து. நுண்ணுயிர் உடனே உண்பது, மெல்ல உண்பது, கரைந்தும் சிதையாமல் அப்படியே வெளியேறுவது, சிதையாத துகளாகச் சேற்றில் தங்கிவிடுவது என நான்கு பங்கு. கடைசிப் பங்கைக் குறைத்து, அதை மெல்ல உண்பதில் சேர்த்துவிட்டால், கணினி காட்டும் சேறு குறையும், ஆக்சிஜன் தேவை கூடும். மென்பொருளில் முன்பே பதிந்திருக்கும் விகிதங்கள் வழக்கமான வீட்டுக் கழிவுநீருக்கானவை. சாயப்பட்டறை நீர் கலக்கும் ஊருக்கு அவற்றை நம்பாதீர்கள். அளந்துதான் ஆக வேண்டும்.

படி 4: இப்போது பெயர்களுக்கு வரலாம். கனடாவில் உருவான பயோவின், ஜிபிஎஸ்-எக்ஸ், பிரான்சின் சுமோ, ஜெர்மனியின் சிம்பா ஆகியவை கட்டண மென்பொருள்கள். பிரிட்டனின் ஸ்டோட் இலவசம். பைத்தான் எழுத வருமானால் திறமூலமான கியூஎஸ்டிசானும் உண்டு. ஆஸ்பென் பிளஸ் ரசாயன ஆலைகளுக்கானது. அதில் உயிரியல் வினைகளை நீங்களே உட்கார்ந்து எழுத வேண்டும். கற்பவருக்கு என் பரிந்துரை ஸ்டோட்தான். அதன் முகப்பு பழசு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: வாங்குமுன் பிஎஸ்எம்1 என்ற பொது அளவுகோலை (ஒப்பிட்டுப் பார்க்கவே வரையறுத்த கற்பனை நிலையம்) நீங்கள் தேர்ந்த மென்பொருளில் கட்டிப் பாருங்கள். ஐந்து தொட்டிகள்: முதல் இரண்டில் காற்று இல்லை, அடுத்த மூன்றில் உண்டு, பின்னால் ஒரு படிவுத் தொட்டி. வறண்ட காலச் சராசரி வரத்து நாளுக்கு 18,446 கன மீட்டர். வரத்து மாறாமல் இருக்கும்போது கிடைக்க வேண்டிய நிலையான விடைகள் வெளியிடப்பட்டிருப்பதால் ஒவ்வொரு தொட்டியின் அமோனியாவையும் நைட்ரேட்டையும் ஒப்பிடலாம். விலகல் தெரிந்தால் முதலில் படிவுத் தொட்டியின் அமைப்பையும் அங்கிருந்து முதல் தொட்டிக்குச் சேற்றைத் திருப்பி அனுப்பும் அளவையும் சரிபாருங்கள். சோதனைப் பதிப்பில் கோப்பைச் சேமிக்க முடிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.