மலிவாக முப்பரிமாணக் கல உருண்டை செய்வது எப்படி

தட்டையாக வளர்த்த புற்றுநோய்க் கலங்களை வெளுத்துவாங்குகிற மருந்து, அதே கலங்கள் உருண்டையாகத் திரண்டிருந்தால் பல நேரம் படுத்துவிடும். ஒட்சிசன் 150–200 மைக்ரோமீற்றர் ஆழம்வரைதான் ஊடுருவும் என்பதால், பெரிய உருண்டையின் நடுக் கலங்கள் உடம்பிலுள்ள கட்டியின் நடுப்பகுதி மாதிரியே பட்டினி கிடக்கும். நோயாளியின் கட்டி எந்த மருந்துக்கு மசியும் என்று முன்கூட்டிப் பார்க்கும் பரிசோதனைகளில் இந்த உருண்டைகளுக்கு மவுசு அதனால்தான். ட்ரிப்சின் நொதி போட்டு ஒட்டியிருக்கும் கலங்களைப் பிரிப்பது, கலம் எண்ணுவதெல்லாம் தெரிந்திருக்கும், விடுவோம்.

உருண்டை செய்யவென்றே கலம் ஒட்டாத பிளேற் (சிறு குழிகள் உள்ள தட்டு) என்று தனியாக விற்கிறார்கள். யாழ்ப்பாணம் வந்துசேரும்போது அதன் விலையைப் பார்த்தால் நான் அகாரோஸ் பக்கம்தான். கடற்பாசியிலிருந்து எடுக்கும் உறைபொடி அது, அதன்மேலும் கலம் ஒட்டாது.

0.75 கிராம் அகாரோஸ், 50 மில்லிலீற்றர் பி.பி.எஸ் (பொஸ்பேற் உப்புக் கரைசல்), ஓட்டோகிளேவில் வைத்து நீராவியில் கிருமிநீக்கம். பிறகு சாதாரண 96 குழிப் பிளேற்றில் குழிக்கு 50 மைக்ரோலீற்றர் விடுங்கள். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். கடற்பாசி காய்ச்சுகிற வீட்டுக்காரருக்குத் தெரியும், இறக்கின கையோடு ஊற்றாவிட்டால் கட்டிகட்டியாகத்தான் விழும். ஏசி காற்றில் பிபெற் நுனியிலேயே இதுவும் உறைந்துவிடும். போத்தலை 65 பாகை வெந்நீரில் வைத்தபடியே எடுங்கள், கடைசிச் சொட்டை ஊதித் தள்ளாதீர்கள், குமிழி வரும். எட்டு நுனிப் பிபெற் இதற்கு வேண்டவே வேண்டாம். உறையும்வரை பிளேற்றை அசைக்காமல் விட்டால் ஓரம் சுவரில் ஏறி நடு குழிந்து நிற்கும், அந்தக் குழிவுக்குள்தான் கலங்கள் சரிந்து ஒன்றுசேரும். வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். குமிழி உள்ள குழியில் ஒன்றுக்குப் பதில் மூன்று குட்டி உருண்டைதான் கிடைக்கும்.

அப்புறம் குழிக்கு 2000 ஹெப்-ஜி-2 கலங்கள் (ஈரல் புற்றுநோய்க் கலங்கள்), 200 மைக்ரோலீற்றர் ஊடகத்தில், அதாவது கலம் வளர்க்கும் போசணைத் திரவத்தில். ஓரக் குழிகள் சீக்கிரம் வற்றும், அவற்றில் வெறும் பி.பி.எஸ் நிரப்புங்கள். 37 பாகை, 5% காபனீரொட்சைட்டு, மூன்று நான்கு நாள். கரண்ட் போனால் இன்கியூபேற்றர் கதவைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள்.

பின்சேர்க்கை: ஊடகம் மாற்றும்போது உருண்டையும் சேர்ந்து போய்விடுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். முழுவதையும் உறிஞ்சாதீர்கள். பிளேற்றைச் சற்றுச் சரித்து, மேல்மட்டத்திலிருந்து 100 மைக்ரோலீற்றர் மட்டும் எடுத்து, புதிது 100 சுவரோரமாக விடுங்கள்.

மருந்து போட்டபின் எத்தனை கலம் உயிரோடிருக்கிறது என்று அறிய, நிறமாற்றத்தை அளக்கும் எம்.ரி.ரி சோதனை போதாதா என்று இன்னொருவர் கேட்டார். அது உருண்டையின் உள்ளே சரியாகப் போகாது, உருவாகும் ஊதாப் படிகங்களும் லேசில் கரையாது. காசு இருந்தால் உருண்டையை உடைத்து ஏ.ரி.பி (உயிருள்ள கலங்களின் சக்தி மூலக்கூறு) அளக்கிற கிட், இல்லையென்றால் தினமும் படமெடுத்து விட்டத்தை அளவிடுங்கள்.