மண்ணு தோண்டும்போதே புது ரோலர் கோஸ்டர் என்னனு கண்டுபிடிக்கிறது எப்படி

தீம் பார்க்காரங்க வாயே திறக்கல, ஆனா பின்னாடி ஒரு மூலையில மரத்த வெட்டி வேலி போட்டு பொக்லைன் இறங்கிடுச்சுன்னா போதும், கிகாவா (300 அடியத் தொடறது), லாஞ்சா (ரயில வேகமா உந்தித் தள்ளி விடறது), மரக் கோஸ்டரானு ரசிகர்களுக்குள்ள சண்டை ஆரம்பிச்சிடும். சண்டை போடறது எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா கையில ஏதாவது ஆதாரம் வச்சுக்கிட்டுப் போடணும். எத எந்த வரிசையில பாக்கணும், எத எவ்ளோ நம்பலாம்னு சொல்றேன். உதாரணத்துக்கு பெரும்பாலும் ஓஹையோல இருக்கற கிங்ஸ் ஐலண்ட் பார்க்க எடுத்துக்கறேன்.

மண்ணப் பாக்கறதுக்கு முன்னாடி பேப்பரப் பாருங்க. அமெரிக்கால தரையில இருந்து 200 அடிக்கு மேல எது கட்டினாலும் எஃப்ஏஏக்கு, அதாவது விமானப் போக்குவரத்து ஆபீசுக்கு, முன்கூட்டியே நோட்டீஸ் குடுத்தாகணும், அந்த நோட்டீச யார் வேணா ஆன்லைன்ல தேடிப் பாக்கலாம், அதுல உயரமும் இருக்கும் அந்த இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகையும் இருக்கும். அத அப்படியே மேப்ல போட்டீங்கன்னா உச்சி எங்க வருதுனு தெரிஞ்சிடும். ஒண்ணு கவனிங்க, வேலைக்கு வர்ற கிரேனுக்கும் இதே மாதிரி நோட்டீஸ் போடுவாங்க, கிரேன் பெரும்பாலும் ரைட விட உயரமா இருக்கும், அதப் பாத்துட்டு 400 அடி கோஸ்டர் வருதுனு குதிச்சிடாதீங்க.

இங்கிலாந்துல இது இன்னும் சுலபம். அங்க லோக்கல் கவுன்சில் கிட்ட பிளானிங் பர்மிஷன் வாங்கணும், வரைபடத்தோட எல்லாம் பொதுவுல வந்துடும். தார்ப் பார்க்ல 2024ல திறந்த ஹைப்பீரியா கோஸ்டரோட 236 அடி உயரம், பேரு வெளிய வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே 'ப்ராஜெக்ட் எக்சடஸ்'ங்கற பேர்ல போட்ட பேப்பர்ல இருந்துச்சு. டிரேட்மார்க் ரெஜிஸ்டர் பண்றதயும் சிலர் தேடுவாங்க, தேடலாம், ஆனா அது பேர மட்டும்தான் சொல்லும், பதிவு பண்ணிட்டு கடைசில வைக்காத பேரும் நிறைய, பேர வச்சு ரைடு வகைய முடிவு பண்றது எனக்கு உடன்பாடில்ல.

உயரத்தையும் டிராப்பையும், அதாவது உச்சில இருந்து கீழ இறங்கற அளவையும், குழப்பிக்கவே கூடாது, நிறைய பேர் தப்பாப் போறது இங்கதான். கிங்ஸ் ஐலண்ட்ல 1979ல வந்த தி பீஸ்ட்ங்கற மரக் கோஸ்டரோட உயரம் 110 அடிதான், ஆனா டிராப் 141 அடி, ஏன்னா அது பள்ளத்துக்குள்ள இறங்குது. 2020ல வந்த ஓரியனும் அப்படித்தான், உயரம் 287, முதல் டிராப் 300 அடி, அதனாலதான் அது கிகாவா இல்லையானு இன்னும் அடிச்சுக்கறாங்க. இங்கிலாந்துல ஆல்டன் டவர்ஸ் பார்க்ல மரங்களோட உயரத்த ரைடு தாண்டக் கூடாதுனு கட்டுப்பாடு, அதனால 1994ல நெமெசிஸ் கோஸ்டர் கட்டினப்போ பாறைய வெடி வச்சு ஒடச்சு கீழ போனாங்க. அதனால சைட்ல பெரிய குழி தோண்டினா உடனே குளம்னு சொல்லாதீங்க, மண்ண எந்தப் பக்கம் கொண்டு போய்க் கொட்டுறாங்கனு பாருங்க.

அடுத்தது தரையில அடிக்கற ஸ்ப்ரே பெயின்ட். செகப்புக் கோடு பாத்தாலே "டிராக் ரூட்டு"னு போட்டோ போடறாங்க. அமெரிக்கால செகப்பு கரண்ட் லைன், நீலம் குடிதண்ணி, மஞ்சள் கேஸ், பச்சை சாக்கடை, ஆரஞ்சு கேபிள். நமக்கு வேணும்கறது வெள்ளையும் பிங்க்கும்தான், வெள்ளை தோண்டப் போற இடம், பிங்க் சர்வே மார்க்.

இப்போ ஃபூட்டர். டிராக்கத் தாங்கற தூணுக்குப் போடற கான்கிரீட் அஸ்திவாரம், மேல போல்ட் நீட்டிக்கிட்டு இருக்கும். என்னக் கேட்டா மொத்த விளையாட்டுலயும் ருசியான கட்டம் இதுதான், பொறுமையா இருந்தா லேஅவுட்டே கையில வந்துடும். நேர்கோட்டுல ஜோடி ஜோடியா ஃபூட்டர் வந்து, போகப் போக ஜோடிக்கு நடுவுல இருக்கற அகலம் கூடிட்டே போனா அது பெரும்பாலும் லிஃப்ட் ஹில், அதாவது ரயில மேல இழுத்துட்டுப் போற ஏத்தம், ஏன்னா உயரம் ஏற ஏற கால விரிச்சு நிக்கணும். நேர்கோட்டுல சின்னச் சின்னதா நெருக்கமா வந்தா அது லாஞ்சாவும் இருக்கலாம், ரயில நிறுத்தற பிரேக் ரன்னாவும் இருக்கலாம், ரெண்டும் தரையில ஒரே மாதிரிதான் தெரியும். அந்தக் கோடு ஸ்டேஷன் பக்கமா, மெயின்டனன்ஸ் ஷெட் பக்கமா போய் முடிஞ்சா பிரேக் ரன்னுனு எடுத்துக்கங்க, கோட்டு முடிவுல திடீர்னு ராட்சச சைஸ் ஃபூட்டர் கூட்டமா இருந்து, பக்கத்துல பெரிய மின்சார ரூமும் கட்டினா லாஞ்ச் மேல பந்தயம் கட்டலாம். வரிசை வரிசையா நூத்துக்கணக்குல சின்ன ஃபூட்டர் வந்தா மரக் கோஸ்டர். தள்ளித் தள்ளி பெருசு பெருசா கம்மியா இருந்தா ஸ்டீல். எந்தப் பக்கம் சாய்வா ஊத்தியிருக்காங்கனும் பாருங்க, தூணு எந்தப் பக்கம் சாஞ்சு நிக்கப் போகுதுனு அதுல தெரியும், திருப்பம் எங்க வருதுனு யோசிக்க அது உதவும். ஆனா ஃபூட்டர வச்சு இத்தன தடவ தலைகீழாப் போகும்னு எண்ணிக்கை சொல்றவங்கள நம்பாதீங்க, அதுக்கு டிராக் வரணும்.

புது நிலமா இல்லாம பழைய மரக் கோஸ்டர் மூடின இடமா இருந்தா என்ன ஒடைக்கிறாங்கங்கறதுதான் முக்கியம். கிங்ஸ் ஐலண்ட்ல சன் ஆஃப் பீஸ்ட்ட 2012ல முழுசா இடிச்சாங்க, அந்த இடத்துல 2014ல பான்ஷீங்கற ஸ்டீல் கோஸ்டர் வந்துச்சு. ஓஹையோலயே இருக்கற சீடர் பாயின்ட் பார்க்ல மீன் ஸ்ட்ரீக்ங்கற மரக் கோஸ்டர 2016ல மூடினாங்க, ஆனா மரத்த நிக்க விட்டுட்டு டிராக்க மட்டும் கழட்டினாங்க, அப்பவே ஆர்எம்சினு (பழைய மரக் கோஸ்டர் மேல ஸ்டீல் டிராக் போடற கம்பெனி) நிறைய பேரு சொல்லிட்டாங்க, 2018ல ஸ்டீல் வெஞ்சன்ஸா திறந்துச்சு.

டிராக் லாரில வந்துட்டா யார் கம்பெனினு பாத்த உடனே தெரியும். பி அண்ட் எம்னா ரெண்டு குழாய்க்கு அடியில பெட்டி மாதிரி ஒரு முதுகெலும்பு ஓடும். இன்டமின்ல மில்லேனியம் ஃபோர்ஸ் கோஸ்டர் மாதிரி முக்கோணக் குழாய்ப் பின்னல் வரும், ஆர்எம்சியோட ஐ-பாக்ஸ் டிராக்ல குழாயே கிடையாது. பி அண்ட் எம் டிராக் நிறைய ஓஹையோ படேவியால இருக்கற கிளெர்மான்ட் ஸ்டீல்லதான் செய்யறாங்க, ஆனா அங்க இருந்து பல பார்க்குக்குப் போகும், அந்த யார்டுல ஒரு கலரப் பாத்துட்டு நம்ம பார்க்குக்குத்தான்னு சொல்லக் கூடாது.

போட்டோ எடுக்கறதுக்கு வேலி ஏறாதீங்க, ட்ரோனும் விடாதீங்க. கிங்ஸ் ஐலண்ட்ல மூணுல ஒரு பங்கு சைஸ்ல ஈபிள் டவரே இருக்கு, மேல ஏறினா பார்க் மொத்தமும் தெரியும். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல நின்னு ஒரே ஜூம்ல எடுங்க, அப்பதான் போன தடவைக்கு இப்போ என்ன மாறியிருக்குனு பக்கத்துல வச்சுப் பாக்கலாம். போஸ்ட் போடும்போது கண்ணால பாத்தத ஒரு பக்கமும் உங்க யூகத்த ஒரு பக்கமும் பிரிச்சு எழுதுங்க, அடுத்தவன் உங்க யூகத்தையே ஆதாரமா எடுத்துட்டுப் போயிடுவான். ஸ்டீல் வெஞ்சன்ஸ் 2017 ஆகஸ்ட்ல அறிவிச்சாங்க, ஓரியனும் 2019 ஆகஸ்ட்லதான், அதனால உங்க கணிப்ப ஜூலைக்குள்ள எழுதி தேதியோட போட்டுடுங்க.