தகரக் கூரை மாடி: கோடையில் செய்யும் தவறுகள்

கீழே செங்கல், மேலே தேக்குப் பலகை, தலைக்கு மேல் தகரம். ரங்கூனில் இன்னும் நிற்கும் பழைய வீடுகள் பலவற்றின் அமைப்பு இதுதான். மார்ச்சில் தொடங்கி மே மாதம் மழை இறங்கும்வரை அந்த மாடியில் படுக்க முடியாமல் போவதற்கு ஜன்னலைவிடக் கூரையே காரணம். உச்சி வெயிலில் தகரம் 60 பாகைக்கு மேல் காயும். அது சீலிங் பலகையைச் சுட வைக்கும், பலகை ஆளைச் சுடும். ஆனால் வீட்டுக்காரர் முதலில் வாங்குவது திரைச்சீலை!

கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் உள்ள காற்றுவழியை அடைப்பதுதான் இருப்பதில் பெரிய தவறு. வௌவால் வருகிறதென்று முக்கோணச் சுவரின் மரச்சட்டத்தில் பலகை வைத்து ஆணியடித்துவிடுகிறார்கள். உள்ளே அடைபட்ட சூடு பிறகு ராத்திரி வெகுநேரம் இறங்காது. பலகையைக் கழற்றி, 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலை அடியுங்கள். வலையில் தூசி அடைத்துக்கொள்ளும், வருடம் ஒருமுறை பிரஷ் போட வேண்டும். மேலே சூடு வெளியேற வழி விட்டால் மட்டும் போதாது. சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரமான இறவாணத்திலும் காற்று நுழைய இடைவெளி வேண்டும்.

சூட்டைத் தடுக்கக் கூரைக்கு அடியில் அடிக்கும் அலுமினியத் தாளைத் தகரத்தோடு ஒட்டிவிட்டால் காசுக்குக் கேடு. குறைந்தது 25 மில்லிமீட்டர் காற்றிடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். பளபளப்பான பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து மங்கிவிடும். தாளில் மின்சாரம் பாயும், பழைய ஒயர் மேல் படவிடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டே ஆணியடியுங்கள்.

தகரத்துக்கு வெள்ளை நிறம் நல்லது, சுண்ணாம்பு ஆகாது. அதன் காரம் துத்தநாகப் பூச்சை அரிக்கும், மழையும் கரைத்துவிடும். துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டி, துருத்தடுப்பு பிரைமர் ஒரு கோட், வெள்ளை அக்ரிலிக் இரண்டு கோட் அடிக்க வேண்டும். காலையிலேயே முடித்துவிடுங்கள், சூடேறிய தகரத்தில் பெயின்ட் சரியாகப் பிடிக்காது.

ஜன்னலை நாள் முழுக்கத் திறந்து வைப்பவர்களும் உண்டு. வெளியே உள்ளேயைவிடச் சூடாக இருக்கும் நேரத்தில் மூடுங்கள், மாலையில் திறங்கள். சந்தேகம் வந்தால் ஒரு தெர்மாமீட்டர் சொல்லிவிடும். மேற்கு ஜன்னலுக்கு மூங்கில் தட்டியை வெளியே கட்ட வேண்டும். உள்ளே கட்டினால் சூடு கண்ணாடியைத் தாண்டி வந்தபிறகுதான் தடுப்பு.

ஆளில்லாத அறையில் சீலிங் ஃபேன் ஓடுவது வீண், அது உடம்பைத்தான் குளிரவைக்கும், அறையை அல்ல. தரையில் தண்ணீர் தெளிப்பது மாண்டலே, மக்வே பக்கத்து வறண்ட காற்றில் உதவும். (2024 ஏப்ரல் 28-இல் 48.2 பாகை பதிவான சௌக் ஊரும் அந்தப் பக்கம்தான்.) ரங்கூனில் அது புழுக்கத்தைக் கூட்டும், பலகையும் நெளியும்.

ராத்திரியில் மாடி ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேனை வெளிப்பக்கம் தள்ளும்படி வைத்து, கீழ்த்தளத்தில் ஒரு ஜன்னலைத் திறந்தால் குளிர்காற்று ஏறிவரும். ஆனால் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது இதைச் செய்யவே கூடாது. கீழே கக்கும் புகையை அதே ஃபேன் படுக்கையறைக்கு இழுத்துவிடும், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.