ஏசி தண்ணீருக்கு வழி: அடிக்குக் கால் இஞ்ச் சாய்வு

போன வருடம் சித்திரையில் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் எங்கள் உச்சிப்புளி வீட்டில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி மாட்டினோம். பத்தாம் நாள் காலையில் பார்த்தால், சுவரில் தொங்கிய தினக் காலண்டர் ஊறிப்போய்த் தரையில் கிடக்கிறது. மாட்டிய மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "கேஸ் கம்மியா இருக்கும் சார், ஏத்திரலாம்" என்றார். கேஸெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஏசித் தண்ணீரை வெளியே வடிக்கும் டிரெயின் பைப், சுவர்த் துளைக்குள் நுழையும் இடத்தில் ஒரு விரற்கடை மேலே ஏறி, அப்புறம் இறங்கியிருந்தது. தண்ணீர் அந்த மேட்டை ஏற மாட்டாமல் வந்த வழியே திரும்பி, ஏசிக்குள் தண்ணீர் சேரும் டிரே நிரம்பிச் சுவரில் வழிந்திருக்கிறது.

"கொடம் பத்து ரூவாய்க்கு வாங்குறோம், இவன் செவுத்துக்குத் தண்ணி பாய்ச்சுறான்" என்று அப்பத்தா தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னது. அந்த ஞாயிற்றுக்கிழமையே தண்ணீர்க் குழாய் முழுவதையும் கழற்றி நானே திரும்பப் போட்டேன். எனக்கு இது தொழில் இல்லை. டிரில் மெஷினும் ஏணியும் இருக்கிறது, அவ்வளவுதான். உங்களிடமும் அவை இருந்தால் நீங்களும் செய்யலாம். ஒரே ஒரு எல்லை: காப்பர் குழாயையும் கேஸையும் தொடாதீர்கள். அது மெக்கானிக் வேலை. தண்ணீர் போகும் குழாய் மட்டும்தான் நம்முடையது.

முதலில், எவ்வளவு தண்ணீர் வரும்?

இது தெரிந்தால்தான் குழாயை ஏனோதானோ என்று விடமாட்டீர்கள். நம் கடற்கரையில் வெயில் காலத்து ராத்திரி 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்பது சாதாரணம். அப்படிப்பட்ட காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் 34 கன மீட்டர். கதவைச் சாத்திய நிமிடத்திலேயே அறைக்குள் 800 கிராம் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிறது. இந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலே நீர் கோக்க ஆரம்பிக்கும். ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலோ பத்துப் பன்னிரண்டு டிகிரியில் இருக்கிறது. மோர்ச் செம்பின் வெளிப்பக்கம் வேர்ப்பதைப் போல அது இடைவிடாமல் வேர்க்கும். கதவு இடுக்கு வழியாகப் புதுக் காற்று வந்துகொண்டே இருப்பதால் வேர்வை நிற்கவும் நிற்காது. ஒன்றரை டன் மெஷினில் மணிக்கு ஒரு லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை எதிர்பார்க்கலாம். எங்கள் வீட்டில் ராத்திரி பத்துக்குப் போட்டு காலை ஆறுக்கு அணைத்தால் ஒரு பிளாஸ்டிக் குடம் முக்கால்வாசி நிறைகிறது.

இத்தனை தண்ணீரையும் வெளியே தள்ள ஸ்பிளிட் ஏசிக்குள் மோட்டார் எதுவும் கிடையாது. தானாக வடிய வேண்டும். அதனால் இந்த வேலை முழுக்கச் சாய்வுதான்.

சாமான்கள்

ஒரு இஞ்ச் பிவிசி குழாய் தேவையான நீளம், 45 டிகிரி வளைவுகள், T வடிவத்தில் மூன்று வாய் உள்ள ஒரு டீ இணைப்பு, அதற்கு மூடி, பிவிசி ஒட்டும் சொல்யூஷன், குழாய்க்கு மேல் மாட்டும் கறுப்பு இன்சுலேஷன், டேப், ஹேக்ஸா பிளேடு, ரசமட்டம், கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம். முக்கால் இஞ்ச் குழாய் போதும் என்று கடையில் சொல்வார்கள். தண்ணீர் அளவுக்குப் போதும்தான், பாசி பிடித்தால் போதாது. ஒரு இஞ்சே வாங்குங்கள்.

கிளாம்ப் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே துரு தின்று, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தும்படி ஆயிற்று. ஐந்து ரூபாய் இரும்புக் கிளாம்ப் எந்த மூலைக்கு? உச்சிப்புளி, மண்டபம் பக்கம் நிலம் ஒடுக்கம். வாடைக் காலத்தில் வடகடல் உப்பு, கச்சான் காலத்தில் தென்கடல் உப்பு, வருடம் முழுக்கச் சுவரில் படிகிறது. பிவிசி கிளாம்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகும் வாங்குங்கள். ஸ்டெயின்லெஸில் 304, 316 என்று இரண்டு ரகம் உண்டு. கடல் உப்புக்கு 316 தாங்கும். கிடைக்காவிட்டால் 304, ஆனால் வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முலாம் பூசிய இரும்புத் திருகு மட்டும் வேண்டாம். அது துருப்பிடித்து, சுவரில் காவிக்கோடு விட்டு, கடைசியில் குழாயைத் தொய்ய விடும். குழாய் தொய்ந்தால் சாய்வு போயிற்று.

துளை

மெக்கானிக் ஏசி மாட்ட வரும் நாளில் வேலைக்கு லீவு போட்டாவது கூட நில்லுங்கள். பிற்பாடு லேசில் சரிசெய்ய முடியாத இரண்டு தப்புகள் அன்றைக்குத்தான் நடக்கும்.

ஒன்று, துளை. வழக்கமாக இரண்டரை இஞ்ச் அகலத்தில் போடுவார்கள். உள்பக்கத்தைவிட வெளிப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். ஒன்பது இஞ்ச் சுவருக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் நல்லது. டிரில்லை மட்டமாகப் பிடித்துவிட்டு, "டேப் சுத்துறப்ப சரியாயிரும்" என்பார்கள். சரியாகாது. கீழக்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளின் கனத்த சுண்ணாம்புச் சுவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சுவர் தடிக்கத் தடிக்கச் சாய்வுக் கணக்கும் கூடும். துளை போடும் நேர்கோட்டில் மேலும் கீழும் சுவிட்ச் பெட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், வயர் அந்த வழியில்தான் ஓடும்.

இரண்டு, கட்டு. காப்பர் குழாய் இரண்டு, வயர், டிரெயின் பைப் எல்லாவற்றையும் சேர்த்து டேப் சுற்றுவார்கள். அந்தக் கட்டில் டிரெயின் பைப் எல்லாவற்றுக்கும் அடியில் வர வேண்டும். காப்பருக்கு மேலே போனால் ஒரு மேடு உருவாகும். என் காலண்டரை நனைத்தது அந்த மேடுதான். "அண்ணே, டிரெயின் அடியில வரட்டும்ணே" என்று ஒரு வார்த்தை போதும், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கட்டு வெளியே போன பிறகு துளையில் மிச்சமிருக்கும் இடைவெளியைப் பட்டி (putty) பசையால் அடைத்துவிடுங்கள். பல்லியும் பூரானும் குளிர்ந்த அறையைத் தேடி வரும்.

கோடு அடிப்பது

வெளிச்சுவரில் குழாய் போக வேண்டிய பாதையை முதலில் சாக்பீஸால் வரையுங்கள். கணக்கு எளிது: அடிக்குக் கால் இஞ்ச் இறக்கம். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இருந்தாலே தண்ணீர் போகும், அது குறைந்தபட்சம். வெயிலில் பிவிசி நெகிழ்ந்து நடுவில் தொய்யும் என்பதால் நான் அதைப்போல் இரண்டு பங்கு கொடுக்கிறேன்.

எங்கள் வீட்டில் துளையிலிருந்து கொல்லை மூலைவரை பன்னிரண்டு அடி. டியூப் மட்டத்தில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் துளைக்குக் கீழேயும் மறுமுனையை மூலையிலும் பிடித்தோம். இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் உயரத்தில் குறி போட்டு, மூலைக் குறியிலிருந்து மூன்று இஞ்ச் கீழே இன்னொரு குறி. நீலப்பொடி தடவிய நூலை அங்கிருந்து துளைக் குறிவரை இழுத்துச் சுண்டினால் கோடு விழும். கண்ணால் பார்த்து "சாஞ்சுதான் இருக்கு" என்று முடிவு செய்யாதீர்கள். கூரையும் தரையுமே பல வீடுகளில் மட்டத்தில் இருப்பதில்லை, கண்ணை ஏமாற்றிவிடும்.

குழாய் போடுவது

கோட்டின்மேல் இரண்டடிக்கு ஒரு கிளாம்ப் அடியுங்கள். குழாயை அறுத்த முனையில் பிசிறு இருக்கும். உள்பக்கத்துப் பிசிறையும் கத்தியால் சுரண்டி எடுங்கள், பாசி முதலில் பிடித்துக்கொள்வது அங்கேதான். சொல்யூஷன் தடவும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை வெறுமனே சொருகிப் பாருங்கள். தடவி ஒட்டிவிட்டால் அறுத்துத்தான் எடுக்க முடியும்.

திரும்பும் இடங்களில் ஒரே 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி வளைவுகளைச் சேர்த்துப் போட்டால் அழுக்கு தங்காது.

ஏசியிலிருந்து வரும் நெளிவு ஹோஸும் பிவிசியும் சேரும் இடத்துக்கு ஒரு விதி: மேலிருந்து வருவது கீழே போவதற்குள் நுழைய வேண்டும். ஓடு வேய்கிறவர் மேல் ஓட்டைக் கீழ் ஓட்டின்மேல் ஏற்றி வைப்பது எதற்கோ, அதே காரணம். ஹோஸ் இரண்டு இஞ்சாவது உள்ளே போகட்டும். இந்த இணைப்பில் மட்டும் சொல்யூஷன் வேண்டாம், டேப் சுற்றினால் போதும். சர்வீஸ் நாளில் கழற்ற வேண்டியிருக்கும்.

இணைப்பு தாண்டி ஒரு அடிக்குள் டீயை வைத்து, மேல்நோக்கிய வாயை மூடியால் மூடுங்கள். சுத்தம் செய்ய ஊற்றும் வாய் அது. ஒட்டாமல் திருகு மூடியாக இருக்கட்டும்.

அறைக்குள்ளோ மாடிப்படிக்கு அடியிலோ குழாய் ஓடினால் அந்தப் பகுதிக்கு இன்சுலேஷன் கட்டாயம். உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடும்போது குழாயே வெளியில் வேர்த்துச் சொட்டும், ஒழுகுகிறது என்று நினைத்துப் பதறுவீர்கள். வெளியே நேர் வெயில் படும் இடத்தில் பிவிசிக்குப் பெயின்ட் அடியுங்கள், இல்லையென்றால் சில வருடத்தில் நொறுங்கும்.

இரண்டு அறை ஏசியையும் ஒரே குழாயில் சேர்ப்பதாக இருந்தால், நேராக இறங்கும் குழாயில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகச் சேருங்கள், குழாயின் அளவையும் கூட்டுங்கள். கிடைமட்டக் குழாயில் சேர்த்தால் ஒன்றின் தண்ணீர் மற்றதற்குள் ஏறும்.

ஹாட் அண்ட் கோல்டு மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: சூடு போடும்போது தண்ணீர் வெளி யூனிட்டில்தான் சொட்டும், அதற்கும் அடியில் ஒரு வடிகுழாய் வேண்டும். ராமநாதபுரத்தில் சூடு போடுகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

முனை எங்கே விழ வேண்டும்

பக்கத்து வீட்டுச் சுவரில் விழக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம், ஒரு சொட்டுக்கு ஒரு வருடச் சண்டை வரும். மீட்டர் பெட்டி, வெளி யூனிட் இவற்றின் மேலும் வேண்டாம்.

செப்டிக் டேங்கிலோ சாக்கடைக் குழாயிலோ நேராகச் சொருகாதீர்கள். நாற்றம் அதே குழாய் வழியாகப் படுக்கையறைக்கு ஏறும், அந்த வாயு காயிலையும் அரிக்கும். பாத்ரூமில் விடுவதென்றால் தரையில் தண்ணீர் வடியும் நாணி டிராப்புக்கு இரண்டு இஞ்ச் மேலே முனையை நிறுத்தி, தண்ணீர் கண்ணுக்குத் தெரிய விழட்டும்.

முனையைக் கீழ்நோக்கி வளைத்துவிடுங்கள். எங்கள் பக்கம் ஆடிக் காற்று நேராக ஊதினால், படுத்திருக்கும் குழாய்க்குள் புகுந்து தண்ணீரைத் தடுக்கிறது, ஏசிக்குள் களகளவென்று சத்தம் கேட்கிறது. தரையிலிருந்து அரையடியாவது உயரம் விடுங்கள், மணல் ஏறி மூடாது.

நான் குடத்தில் பிடிக்கிறேன். முனை தண்ணீருக்குள் முங்கக்கூடாது. முங்கினால் குழாய்க்குள் காற்று அடைபட்டுத் தண்ணீர் மேலேயே நின்றுவிடும். குடம் நிரம்பினாலும் முனை வெளியே இருக்கும்படி வையுங்கள், வாயில் துணி கட்டுங்கள். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். இந்தத் தண்ணீரில் உப்பு இல்லை. எங்கள் போர் தண்ணீரில் துடைத்தால் தரையில் வெள்ளைக்கோடு விழும், இதில் விழாது. கறிவேப்பிலையும் மல்லிகையும் நன்றாக வருகின்றன. குடிக்க வேண்டாம். சிலர் இன்வெர்ட்டர் பேட்டரியில் ஊற்றுகிறார்கள், அதுவும் வேண்டாம். காயிலில் படிந்த தூசியையும் உலோகத்தையும் கழுவிக்கொண்டு வருவது கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீர் ஆகாது.

சோதனை

மெயினை அணைத்துவிட்டு முன்மூடியைத் திறந்து, ஃபில்டரைக் கழற்றி, ஒரு லிட்டர் தண்ணீரைக் காயிலின்மேல் மெதுவாக, சிறு டம்ளரால் ஊற்றுங்கள். எலக்ட்ரிக் போர்டு பெரும்பாலும் வலது ஓரத்தில் இருக்கும், அந்தப் பக்கம் ஒரு சொட்டும் படக்கூடாது. இன்னொருவர் வெளியே நின்று பார்க்கட்டும். தண்ணீர் விட்டுவிட்டு வந்தால் குழாயில் எங்கோ பள்ளம் இருக்கிறது. ஒரே சீராக வந்து, ஊற்றியதில் ஏறக்குறைய அத்தனையும் வெளியேறினால் சரி. பிறகு ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த கையால் தடவிப் பாருங்கள்.

பிறகு

ஓடும் மாதங்களில், மாதம் ஒருமுறை டீயின் மூடியைத் திறந்து ஒரு டம்ளர் வினிகர் ஊற்றி, அரைமணி கழித்து ஒரு சொம்புத் தண்ணீர் விடுங்கள், பாசி வழுவழுவென்று கழன்று வரும். பிளீச்சிங் வேண்டாம், அது காயிலின் அலுமினியத்தை அரிக்கும். அடைப்பு இருந்தால் வெளிமுனையிலிருந்து வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சுங்கள். உள்நோக்கி ஊதினால் பாசியெல்லாம் ஏசிக்குள் போய்விடும்.

மழைக்காலத்தில் இரண்டு மூன்று மாதம் ஓடாமல் கிடக்கும்போது குளவி முனையில் மண்கூடு கட்டும். அதற்குக் கொசுவலைத் துண்டைக் கட்டலாம், ஆனால் அதிலேயே பாசி பிடிக்கும், அடிக்கடி கழுவ வேண்டும். நான் கட்டுவதில்லை. மாசிக் கடைசியில் ஏசியைப் போடும் முன் முனையைப் பார்த்து, கூடு இருந்தால் கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி வெளிப்பக்கமாக இழுத்து எடுத்துவிட்டு, டீ வழியாக ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறேன். அது குடத்தில் விழுந்த பிறகுதான் ரிமோட்டை எடுப்பது.