தொலைநோக்கியை எடுத்து வைப்பது எப்படி? கடலோர மாடிக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து கடல் அதிகத் தூரமில்லை. இந்தப் பக்கத்து வீடுகளில் உப்பு ஜாடி எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மழையே பெய்யாத வாரத்திலும் கல்லுப்பு அடியில் நீர்விட்டுக் கிடக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். இங்கே பல இரவுகளில் அந்த அளவு சாதாரணம். கடற்காற்று கொண்டுவந்து தொலைநோக்கியின் திருகுகளிலும், ஒளியைக் குவிக்கும் கண்ணாடியான ஆடியிலும் படியவிடும் கண்ணுக்குத் தெரியாத உப்பும் அப்படியே நீர்விடும் என்பதை, என் தொலைநோக்கியின் 130 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆடியில் பூஞ்சை பிடித்த பிறகுதான் நான் புரிந்துகொண்டேன்.

நான் செய்த தவறு, பார்ப்பவர்களுக்குப் பொறுப்பான செயலாகவே தெரியும். நிலவையோ வியாழனையோ பார்த்து முடித்தவுடன், தூசு புகுந்துவிடக் கூடாது என்று எல்லா மூடிகளையும் அழுத்திப் போட்டு, பழைய போர்வையில் சுற்றிப் பீரோவின் மேல் வைத்துவிடுவேன். ஒரு வடகிழக்குப் பருவமழை முடிந்து, குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஆடியின் ஓரத்திலிருந்து சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள் உள்நோக்கிப் படர்ந்திருந்தன. ஆடியைக் கழுவியதும் இழைகள் போயின. அவை சுரந்த அமிலம் அரித்த தடங்கள் போகவில்லை. ஆடியின் மேலுள்ள அலுமினியப் பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். காவலூர் வானாய்வகத்தில் உள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடிக்கே அவ்வப்போது புதுப்பூச்சு போட வேண்டியிருக்கிறது என்றால், நம் வீட்டு ஆடியை எவ்வளவு கவனமாகக் காக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

முக்காலியை மடக்குவது, கம்பிகளைச் சுருட்டுவது போன்றவற்றை நான் விளக்கப் போவதில்லை. மாடியில் இருக்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். உங்களுடையது எதிர் எடை வைத்த தாங்கி என்றால், முதலில் குழலைக் கழற்றுங்கள். அதன் பிறகே எடையைக் கழற்றுங்கள். வரிசையை மாற்றினால் குழல் சட்டெனக் கீழ்நோக்கிச் சுழன்று முக்காலியின் காலில் மோதும். என் குழலின் வாயருகே உள்ள நெளிவு அப்படி வந்ததுதான்.

அடுத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து வில்லையையும் ஆடியையும் பாருங்கள். மூச்சு பட்ட கண்ணாடி போல மங்கலாக இருந்தால் பனி படிந்திருக்கிறது என்று பொருள். 28 பாகை வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள இரவில், சுமார் 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் நீர் படியும். திறந்த வானத்தை நோக்கி நிற்கும் குழல் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுவதால், நள்ளிரவுக்கு மேல் அது எளிதில் அந்த அளவைத் தொட்டுவிடுகிறது. அந்த ஈரத்தை எக்காரணம் கொண்டும் துடைக்காதீர்கள். சட்டை நுனி, கைக்குட்டை, கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி ஆகிய எதுவும் கூடாது. பனியோடு உப்பும் தூசும் கலந்திருக்கும், அவற்றைத் தேய்ப்பது மணல்தாளால் தேய்ப்பதற்குச் சமம்.

இப்போது, என்னை வழுக்கிவிட்ட படிக்கு வருகிறேன். பனி படிந்த குழலைக் கீழே கொண்டுவந்து மூடியைப் போட்டுவிட்டால், ஆடியின் மேல் இருந்த நீர் வெளியேற வழியில்லாமல் இருட்டிலும் கதகதப்பிலும் அடைபட்டுக் கிடக்கும். பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் நம்மால் அமைத்துத் தர முடியாது. ஆகவே மூடியை உடனே போடக் கூடாது. குழலைக் கட்டில் மேல் இரண்டு தலையணைகளுக்கு நடுவே படுக்கவைத்து, வாய்ப்பக்கம் சற்றே தாழ இருக்கும்படி சரிசெய்து, மெல்லிய மல் துணியை வாயில் போர்த்தி ரப்பர் வளையம் மாட்டுங்கள். கண்ணருகு வில்லை செருகும் துளைக்கும் அதேபோல ஒரு துண்டுத் துணி போதும். அறையின் மின்விசிறி நடுத்தர வேகத்தில் சுழலட்டும். பகலெல்லாம் காங்கிரீட் வாங்கிய வெப்பத்தால் நம் அறைகள் இரவிலும் மாடியைவிட இரண்டு மூன்று பாகை கூடுதலாகத்தான் இருக்கும். குழல் அந்தச் சூட்டுக்கு ஏறியவுடன் நீர் தானாகவே ஆவியாகிவிடும். இரண்டு மூன்று மணி நேரம் போதும் என்றாலும், நான் விடியும்வரை விட்டுவிடுகிறேன். முடி உலர்த்தும் கருவியைச் சூடாகக் காட்டி அவசரப்படுத்துவதை நான் ஏற்பதில்லை. உலர்ந்த உப்பு ஆடியில் கறையாக ஒட்டிக்கொள்ளும் என்பதோடு, தூசையும் அது உள்ளே அடித்துவிடும்.

குளிர்சாதன அறை இருப்பவர்களுக்கு உலர்த்துவது இன்னும் எளிது, ஏனென்றால் அந்தக் காற்று வறண்டது. ஆனால் மறுநாள் சிக்கல் தலைகீழாக வரும். 24 பாகையில் கிடந்த குழலை நேராக மாடிக்குத் தூக்கிச் சென்று திறந்தால், பார்க்கத் தொடங்குமுன்பே அது வியர்த்துவிடும். எனவே வெளியே கொண்டுசெல்லும்போது மூடிகளோடு கொண்டுசென்று, ஒரு மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும்.

காலையில், நன்றாக உலர்ந்ததை டார்ச்சால் உறுதிசெய்த பிறகு மூடிகளைப் போடலாம். தூசு இருந்தால் கேமரா கடைகளில் கிடைக்கும் ரப்பர் ஊதியால் ஊதுங்கள்; வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். சிவப்புப் புள்ளி காட்டும் குறிகாட்டியின் மின்கலத்தைக் கழற்றி எடுத்துவிடுங்கள்.

கண்ணருகு வில்லைகளைப் பொறுத்தவரை நான் பிடிவாதக்காரன். உள்ளே ஸ்பஞ்சு வைத்த அழகான தோல் பெட்டிகள் எனக்கு ஆகாது. ஸ்பஞ்சும் தோலும் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாரிமுனைக் கடைத்தெருவில் வாங்கிய, மூடி விளிம்பில் ரப்பர் பட்டை உள்ள சாதாரண பிளாஸ்டிக் டப்பாவையே பயன்படுத்துகிறேன். அதில் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல்லை ஒரு கைப்பிடி எடுத்துத் துணிப்பையில் கட்டிப் போட்டு, தீப்பெட்டி அளவிலான சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே வைத்திருக்கிறேன். அது 40 முதல் 50 வரை காட்டினால் நிம்மதியாக இருக்கலாம். 60-ஐத் தாண்டினால் ஜெல் களைத்துவிட்டது என்று பொருள். ஆரஞ்சு நிற ஜெல்லையே வாங்குங்கள். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் கலந்திருக்கும். நிறம் மாறிய ஜெல்லை, சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பழைய வாணலியில் மிகச் சிறு தீயில், பழைய நிறம் திரும்பும்வரை கிளறினால் மீண்டும் பயன்படுத்தலாம். வெயிலில் காயவைப்பது நம் ஊர் ஈரக்காற்றில் பாதிப் பலனே தருகிறது.

குழலுக்குள்ளும் ஒரு ஜெல் பை வேண்டும். அதை மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். உள்ளே உருளும்படி விட்டால் ஆடியில் உரசும். அந்துருண்டையை மட்டும் போட்டுவிடாதீர்கள். அது ஆவியாகி வில்லையின் மேல் மெல்லிய படலமாகப் படியும், கற்பூரமும் அப்படித்தான்.

வைக்கும் இடத்தைப் பொறுத்தவரை, பரண் வேண்டாம், கோடையில் அங்கே மசகு இளகி ஓடும். ஓதம் ஏறிய சுவரை ஒட்டியும் வேண்டாம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் பலகை போட்டு, குழலைக் கிடைமட்டமாக வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானம் பெரும்பாலும் நமக்குத் திறப்பதில்லை. அந்த மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழலைத் திறந்து, மின்விசிறிக் காற்றில் சில மணி நேரம் வைத்து, ஜெல்லை மாற்றுங்கள். பூஞ்சையைக் கொல்லலாம் என்று திறந்த குழலை வெயிலில் காட்டி வைக்காதீர்கள். ஆடி சூரிய ஒளியைக் குவித்து எதையாவது கொளுத்திவிடும்.

பின்னர்ச் சேர்த்தவை: மல் துணி எதற்கு, கொசுவுக்காகவா என்று திருவொற்றியூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். கொசுவுக்காக அல்ல, பல்லிக்காக. ஒருமுறை துணி போடாமல் விட்டபோது ஆடியின் பின்புறத் திருகுகளுக்கு இடையே இரண்டு பல்லி முட்டைகள் ஒட்டியிருந்தன.

எண்ணூரில் இருக்கும் இன்னொருவரின் சிக்கல் எனக்குத் தோன்றாதது. அவர் மாடியில் உப்போடு அனல்மின் நிலையச் சாம்பலும் படிகிறது. சாம்பல் துகள் கடினமானது. ரப்பர் ஊதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் போகாவிட்டால் ஆடியைக் கழற்றிச் சாய்த்துப் பிடித்து, காய்ச்சி வடித்த நீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி, கையோ பஞ்சோ படாமல் சாய்த்தபடியே உலரவிடுங்கள். கழற்றும் முன், ஆடியும் அதன் தாங்கியும் சேருமிடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது அது தேவைப்படும்.