சீரியல் காட்சிக்குப் பாட்டு: தாளத்தை முதலில் போடுங்கள்

பிடித்த சீரியல் ஜோடிக்குப் பாட்டு வீடியோ செய்பவர்கள் காட்சிகளை வெட்டிக் குவித்த பிறகே பாட்டைத் தேடுகிறார்கள். தயவுசெய்து அதை மாற்றிச் செய்யுங்கள். முதலில் பாட்டை எடிட்டிங் செயலியில் வைத்து, தொடையில் தாளம் போட்டபடி ஒவ்வொரு தட்டுக்கும் அடையாளமிடுங்கள். திருவையாற்று ஆராதனைப் பந்தலில் உட்கார்ந்து பழகிய கைகளுக்கு இது எளிது. நிமிடத்துக்கு 100 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டு 0.6 விநாடி. விநாடிக்கு 25 பிரேம் ஓடும் வீடியோவில் அது சரியாக 15 பிரேம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்கு 4.8 விநாடி. முக்கியமான காட்சி மாற்றம் சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் தட்டில், விழட்டும். தவில்காரர் தீர்மானம் (வாசிப்பை முடிக்கும் முத்தாய்ப்பு) வைத்தது போல் மனதில் பதியும்.

பேசும் முகம் வேண்டாம், உதடு பாட்டோடு ஒட்டாது. ஒரே அதிர்ச்சியை மூன்று முறை காட்டுவார்களே, அந்த மௌனப் பார்வைகளை எடுத்து வையுங்கள். கும்பகோணத்தில் என் சித்தி மகள் அப்படிச் செய்த வீடியோவைப் பார்த்து அத்தை கண் கலங்கிவிட்டார்.

காட்சியும் பாட்டும் பிறர் உரிமை. யூடியூபில் முதலில் பிறர் பார்க்க முடியாத தனிப்பட்ட (private) வீடியோவாக ஏற்றி, உரிமைக் கோரிக்கை வருகிறதா என்று பார்த்த பிறகு வெளியிடுங்கள்.