அரிஸ்டாட்டிலை வாசிக்கும்போது சறுக்கும் இடங்கள்

முதல் சறுக்கல் 'மகிழ்ச்சி' என்ற சொல்லிலேயே நேர்கிறது. கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) தன் 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலில் மனித வாழ்வின் இறுதி இலக்காக வைப்பது யூடைமோனியா. அதை மகிழ்ச்சி என்று எழுதிவிட்டால், காலையில் வந்து மாலையில் போகும் ஒரு மனநிலையாக அது சுருங்கிவிடும். அவர் பேசுவது ஒரு மனிதரின் முழு ஆயுளும் நன்றாக அமைவதைப் பற்றி. ஒரு தகைவிலான் குருவி வந்ததும் வசந்தம் வந்துவிடாது, அதுபோல ஒரு நல்ல நாளால் வாழ்வு நிறைந்துவிடாது என்கிறார். 'நல்வாழ்வு' என்று படித்துப் பாருங்கள், பல பக்கங்கள் தாமாகவே தெளியும்.

அடுத்தது 'அரெட்டே'. இதை 'அறம்' என்று எழுதுவது நமக்கு இயல்பாக வருகிறது. ஆனால் கிரேக்கர்கள் கண்ணுக்கும் குதிரைக்கும்கூட அரெட்டே உண்டு என்பார்கள். நன்றாகப் பார்ப்பது கண்ணின் அரெட்டே. குதிரையின் அறம் என்று தமிழில் யாரும் சொல்வதில்லையே! 'சிறப்பு', 'மாண்பு' ஆகிய சொற்களே நெருக்கமானவை. மனிதருக்கே உரிய பணி பகுத்தறிவோடு வாழ்வது. அதைச் சிறப்பாகச் செய்ய வைக்கும் குணங்களே நற்குணங்கள். இந்த இணைப்பு பிடிபடாவிட்டால், நற்குணத்துக்கும் நல்வாழ்வுக்கும் என்ன உறவு என்பது புதிராகவே நிற்கும்.

மிகப் பரவலான பிழை 'நடுநிலை' பற்றியது, அதாவது நற்குணம் மிகைக்கும் குறைக்கும் நடுவில் இருக்கிறது என்ற அவரது கருத்தைப் பற்றியது. "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பதைத்தான் அவரும் சொல்கிறார் என்று கடந்துவிடுகிறோம். அவரே தரும் உதாரணத்தைப் பாருங்கள். பத்து மினா (பழைய கிரேக்க எடை அளவு) உணவு அதிகம், இரண்டு மினா குறைவு என்றால், பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு மினா என்று விதிப்பதில்லை. மல்யுத்த வீரன் மிலோவுக்கு ஆறு போதாது. புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு அது அதிகம். ஆக, நடு என்பது ஆளையும் சூழலையும் பொறுத்தது. கோபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதும் மிதமாகக் கோபப்படு என்று அவர் சொல்லவில்லை. உரிய ஆளிடம், உரிய நேரத்தில், உரிய காரணத்துக்காக, உரிய அளவில் கோபப்படு என்கிறார். அநீதி கண்ணெதிரே நடக்கும்போது கடுஞ்சினமே அந்த நடுவாக இருக்கலாம். அதேபோல் களவுக்கும் கொலைக்கும் நடு கிடையாது, அவை எந்த அளவிலும் தவறே என்று அவர் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்.

"நாம் திரும்பத் திரும்பச் செய்வதே நாம்" என்ற வரி அவர் பெயரில் சுற்றுகிறதல்லவா? அது அவர் எழுதியதல்ல. அமெரிக்க எழுத்தாளர் வில் டூரன்ட் 1926-இல் வெளியிட்ட நூலில், அரிஸ்டாட்டிலைச் சுருக்கிச் சொல்லத் தன் சொற்களில் எழுதியது. யாழ் வாசித்தே யாழ் வாசிப்பவராகிறோம், நேர்மையாக நடந்தே நேர்மையாளராகிறோம் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்துதான். ஆனால் பழக்கத்தோடு அவர் நிறுத்தவில்லை. செய்வதை அறிந்து செய்ய வேண்டும், அதன் பொருட்டே அதைத் தேர்ந்து செய்ய வேண்டும், நிலைத்த குணத்திலிருந்து செய்ய வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள் வைக்கிறார்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஆசையை அடக்குபவரே உயர்ந்தவர் என்று எண்ணுவதும் தவறு. அடக்கத்தைப் போற்றி வளர்ந்த நமக்கு இதை ஏற்கச் சற்றுச் சிரமம். அவர் பார்வையில் அது பாராட்டத்தக்கதே, ஆனால் முழுமையல்ல. இன்பங்களிலிருந்து விலகி நிற்பதிலேயே மகிழ்பவர்தான் தன்னடக்கம் கொண்டவர். விலகி நின்று வருந்துபவர் அந்த நிலையை இன்னும் எட்டவில்லை.

அவருக்குப் பின் வந்த கிரேக்கத் தத்துவக் குழுவினரான ஸ்டோயிக்குகளோடு அவரைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. நல்வாழ்வுக்கு நற்குணம் ஒன்றே போதும் என்றவர்கள் அவர்கள். முதுமையில் பிள்ளைகளையும் நாட்டையும் இழந்த ட்ராய் மன்னன் பிரியாமின் வாழ்வை நல்வாழ்வு என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்பது அரிஸ்டாட்டிலின் நிலைப்பாடு.

கடைசியாக, அவரைத் தனிமனித முன்னேற்ற வழிகாட்டியாகப் படிப்பது. பத்துப் பகுதிகள் கொண்ட நூலில் இரண்டு முழுப் பகுதிகளை நட்புக்கு ஒதுக்கியவர் அவர். அந்த நட்புக்கும் நல்வாழ்வுக்கும் அவர் போட்ட வேலியையும் மறைக்காமல் படிக்க வேண்டும். அடிமைக்கு யூடைமோனியாவில் பங்குண்டு என்று யாரும் சொல்வதில்லை என்று பத்தாம் பகுதியில் எழுதுகிறார். எட்டாம் பகுதியிலோ, அடிமை என்ற முறையில் ஒருவனோடு நட்பு இயலாது, மனிதன் என்ற முறையில் இயலும் என்கிறார். இந்த இரண்டு இடங்களையும் அருகருகே வைத்துத்தான் நான் மறுபடி மறுபடி வாசிக்கிறேன்.